அத்தைக்கு ஒரு ரம்பம்

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். உட்கார்ந்த நாற்காலி ஒரு பக்கமாய் ஆடியது. "எழுந்திருங்க மாப்பிள்ள" என்றார் அத்தை. ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்று பதறி எழுந்தேன். அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, காலைத் திருகிப் பார்த்து, அட்டைத் துண்டு ஒன்றை மடித்துச் செருகி, நிமிர்த்தி வைத்து, "இப்ப உக்காருங்க" என்றார். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நாற்காலி அதற்குப் பிறகு ஆடவில்லை.

அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு உறுமும் இயந்திரங்களோடு காலம் தள்ளியவர் என்பதால் சத்தம் போடும் எதைக் கண்டும் அவருக்குப் பயம் கிடையாது. ஈர விரிப்புகளை இழுத்து இழுத்துத் தோள்கள்தான் தேய்ந்துபோயின. வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். குழாய் ஒழுகினால் அவரே பார்ப்பார், கதவு இறுகினால் அவரே இழைப்பார். தெருவில் யார் வீட்டுக் குக்கர் கைப்பிடி கழன்றாலும் குக்கர் நேரே அத்தையிடம்தான் வரும்.

மாமா இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் மாமா. தெருவில் ஒரு காகிதம் பறந்தால்கூடப் பிரேக் அடிப்பார். அவர் வேன் இன்றுவரை எதன்மேலும் மோதியதில்லை. ஆனால் முன்சீட்டுக் கம்பியில் நெற்றி மோதாத பிள்ளை அந்த வேனில் கிடையாது.

இவர்கள் வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி உண்டு. விளக்குமாறு, காலிப் பைகள், எப்போதோ விழுந்த ஒரு மூடி என்று என்னென்னவோ அதற்குள் போய்ச் சேரும். அங்கே உயரமாய் ஓர் அலமாரி வைக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. கடையில் விற்கும் அலமாரிகள் எதுவும் அதற்குள் நுழையவில்லை. ஒன்று அரை விரல் பெரிது, இன்னொன்று நாலு விரல் சின்னது. தச்சர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வேலையாம்மா? பெருசா எதாவது வந்தா கூப்பிடுங்க" என்று போய்விட்டார். பெரிதாக எதுவும் வரவில்லை.

அத்தை பலகை வாங்கிவந்து கை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார். பாதியிலேயே தோள் கழன்றுவிடும்போல் வலி. மீதிப் பாதியை நான் அறுத்துக் கொடுத்தேன். எது நான் அறுத்த பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். அத்தை அப்படித் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாப்பிள்ள, ஆபீஸ் வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல உங்களுக்கு" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் ஒரு பேட்டரி ரம்பம் வாங்கப் போறேன்" என்றார் அத்தை. "வட்டமா பிளேடு சுத்துமே, அது. ஒயர் கிடையாது. தூக்கிக்கிட்டு எங்க வேணா போகலாம்."

மாமா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "வீட்டுல இருக்கறது ரெண்டு பேர். நமக்கு இருபது விரல். எல்லாம் அப்படியே இருக்கட்டுமே" என்றார்.

"விரல வெட்டிக்கவா வாங்கறேன்? பலகைய வெட்ட."

"ரம்பத்துக்கு அது தெரியுமா?" மாமா என் பக்கம் திரும்பினார். நான் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். "மாப்பிள்ள, உங்க ஆபீஸ்ல எவ்வளவு கேஸ் வரும். ரெண்டு எடுத்துச் சொல்லுங்க."

"எனக்கு வர்றதெல்லாம் கார் கண்ணாடி உடைஞ்ச கேஸ்தான் மாமா" என்றேன்.

என் மனைவி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். அத்தை மேஜையைச் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ள என்கூட கடைக்கு வர்றார்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைக்குப் போவதற்கு முன்னால் நான் ஒரு வாரம் இணையத்தில் படித்தேன். எந்த மெஷின் பெரியது, எது வேகம், எது எத்தனை பலகை அறுக்கும் என்றெல்லாம் மனப்பாடம். படித்தவர்கள் எல்லோரும் புகழ்ந்த ஒரு பெரிய மெஷினை மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். விற்பனையாளரும் அதைத்தான் எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, அத்தையை விட்டுவிட்டு என்னிடமே பேசினார்.

"சார், இது ஒரு தடவ வாங்கிட்டா ஆயுசுக்கும் போதும். வீடே கட்டலாம்."

"வீடு இருக்குப்பா" என்றார் அத்தை. "ஒரு அலமாரிதான் இல்ல."

விற்பனையாளர் விடவில்லை. மோட்டாரின் பெருமை, பிளேடின் பெருமை, உத்தரவாதத்தின் பெருமை என்று நிறுத்தாமல் போனார். அத்தை என் காதருகில் குனிந்து, "தனியா எதுக்கு மாப்பிள்ள ரம்பம்? இவரையே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். நான் இருமிச் சமாளித்தேன்.

பிறகு அத்தை அந்த மெஷினைத் தூக்கிப் பார்த்தார். "இது பேட்டரி போட்ட கனமா, போடாத கனமா?"

"போடாததும்மா."

"போட்டுக் குடு."

போட்டதும் மணிக்கட்டு தானாகக் கீழே சாய்ந்தது. நான் ஒரு வாரம் படித்த படிப்பு அந்த இடத்தில் இறங்கிவிட்டது. அத்தை கண்ணாடி அலமாரியில் இருந்த சின்ன மெஷினைக் காட்டினார். பிளேடு சிறியது. விரல் தடிமன் பலகை என்றால் தாராளமாக அறுக்கும், அத்தை அறுக்கப்போவதும் அவ்வளவுதான். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு விசையை இழுத்தால்தான் சுற்றும். தெரியாமல் கை பட்டால் சுற்றாது. மாமாவிடம் சொல்ல ஒரு நல்ல சேதி. எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருஷம் நான் அத்தைக்கு வாங்கிக் கொடுத்த டிரில்லின் பேட்டரி இதற்கும் பொருந்தியது. தனியாகப் பேட்டரியும் சார்ஜரும் வாங்க வேண்டியதில்லை. எப்போதாவது எடுக்கப்போகிற மெஷினுக்கு இதைவிட என்ன வேண்டும்? திருப்தியாக வாங்கிக்கொண்டு வந்தோம்.

பின்கட்டில் சிமெண்டு போட்ட கொஞ்சம் இடம் உண்டு. அங்கே பழைய மேஜையைப் போட்டு, பலகையைக் கிடுக்கியால் இறுக்கி, பென்சிலால் நேர்க்கோடு போட்டார் அத்தை. கூட வந்த புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தார். பலகையின் தடிமனுக்குக் கொஞ்சம் அதிகமாக மட்டும் பிளேடு இறங்கும்படி திருகி வைத்தார். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டினார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, மேலே என் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக் கைகளை மடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். மாமா சமையலறைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகச் சொன்னாலும் போகவில்லை, வெளியே வரச் சொன்னாலும் வரவில்லை.

மெஷின் வீலென்று கிளம்பியது. மரத்தூள் பறந்தது. வெட்டு முடிந்து துண்டு விழுந்தபோது நான் கை தட்டினேன். தட்டிவிட்டுப் பார்த்தால், வெட்டு கோட்டை விட்டு விலகி எங்கேயோ போயிருந்தது.

"முதல் தடவதான அத்தை."

இரண்டாவது பலகையிலும் அதே கதை. மூன்றாவதில் நடுவழியில் மெஷின் உதறியது. அத்தை உடனே விசையை விட்டு, பிளேடு நிற்கும்வரை காத்திருந்து, பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். வெட்டின ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கை சொன்னபடி கேக்கல" என்றார். கிடுக்கியைத் தளர்த்திவிட்டு, "வயசாயிடுச்சு மாப்பிள்ள" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. மாமா கதவருகில் எதையோ சொல்ல வாயெடுத்தார், பிறகு உள்ளே போய்விட்டார்.

ரம்பம் பெட்டிக்குள் போனது. பெட்டி பீரோவின் மேல் போனது. நாங்கள் அடுத்தடுத்துப் போனபோதெல்லாம் அத்தை சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்பதால் எனக்கு யாரோ விருந்தாளி உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "பிளம்பரக் கூப்பிடணும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்று அனுப்பிவிட்டார்.  வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி, "அம்மாவோட சண்ட போடணும்போல இருக்கு. ஆனா எதுக்குன்னு தெரியல" என்றாள்.

அதற்கடுத்த வாரம் மாமா என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "மாப்பிள்ள, சாயங்காலம் வீட்டுக்கு வர முடியுமா? ஒரு விஷயம். போன்ல வேணாம்."

போனேன். மாமா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். மேஜைமேல் ஒரு பலகை, அதில் பென்சில் கோடு, பக்கத்தில் காலியான செருப்புப் பெட்டி ஒன்று. மாமா செருப்புப் பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு பலகையின்மேல் தள்ளிக் காட்டினார்.

"இது மெஷின்னு வச்சுக்கங்க. உங்க அத்தைக்கு எது கை?"

யோசித்தேன். அத்தை எழுதுவது வலது கையால். பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கியதாம். ஆனால் திருப்புளி பிடிப்பது, சுத்தி பிடிப்பது, துணி வெட்டுவது எல்லாமே இடது. நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததேயில்லை. அவர் அப்படித்தான், அவ்வளவுதான்.

"அந்த மெஷின்ல பிளேடு இந்தக் கோடியில இருக்கு" என்று பெட்டியின் இடது பக்கத்தைத் தட்டினார். "மோட்டார் இந்தப் பக்கம். அவ தலை எங்க இருக்கு? மோட்டாருக்கு இந்தாண்ட. நடுவுல மோட்டார் மலை மாதிரி நிக்குது. கோடு எப்படித் தெரியும்? கழுத்த வளைச்சு வளைச்சு எட்டிப் பாத்துக்கிட்டே அறுக்கறா. டிரைவர் சீட்டுக்கு முன்னாடி மூட்டைய அடுக்கி வச்சிட்டு வண்டிய நேரா ஓட்டச் சொன்னா, என்னாலயே முடியாது மாப்பிள்ள. சோத்துக்கைக்காரங்களுக்கு அது சரியா இருக்கும். அவங்க தலை அந்தப் பக்கம் இருக்கும். இவளுக்குப் பிளேடு மறுபக்கம் இருக்கணும்."

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க? நான் பக்கத்துலதான நின்னேன்?"

"நீங்க பலகையப் பாத்தீங்க. நான் அவ விரலையே பாத்துக்கிட்டு நின்னேன். விரலப் பாக்கும்போது கழுத்தும் தெரியுமே."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

கேட்டது நான் இல்லை. அத்தை சமையலறைக் கதவில் நின்றுகொண்டிருந்தார். மாமா கையிலிருந்த செருப்புப் பெட்டியை ஒளிக்கப் பார்த்தார். ஒளிக்க இடமில்லை.

"சொன்னா மறுபடியும் அறுப்பியே" என்றார் மெதுவாக. "நீ விட்டுடுவன்னு நிம்மதியா இருந்தேன். ஆனா நீ அந்தக் குழாய்க்கு ஆள் கூப்பிடணும்னு சொன்ன பாரு... எனக்கு அந்தச் சொட்டற சத்தம் கேட்டா சாப்பாடு எறங்கல."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அருகில் வந்து செருப்புப் பெட்டியை வாங்கி, இடது கையில் பிடித்துக் கோட்டின்மேல் ஓட்டிப் பார்த்தார். கழுத்து தானாக வளைந்தது. பெட்டியைத் திருப்பிப் பிடித்துக் கற்பனையாக மறுபடி ஓட்டினார். கழுத்து நிமிர்ந்தே இருந்தது.

"அப்ப எனக்கு வயசாகல" என்றார்.

"ஆயிடுச்சு" என்றார் மாமா. "ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

சனிக்கிழமை மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். மாமா ஓட்டினார், நாங்கள் போய்ச் சேர்ந்தோம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதே விற்பனையாளர். இந்த முறை நான் ஒரு அடி பின்னால் நின்றுகொண்டேன். அத்தை விஷயத்தைச் சொன்னார். பிளேடு மறுபக்கம் இருக்கிற மெஷின் வேண்டும்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. சோத்துக்கையால பிடிச்சுப் பழகிட்டா சரியாப் போயிடும்."

"தம்பி, நாளைக்கு உங்க முதலாளி வந்து இடது கையால கையெழுத்துப் போட்டாத்தான் சம்பளம்னு சொன்னா, பழகிட்டு வாங்கிப்பீங்களா?" என்று கேட்டார் மாமா.

விற்பனையாளர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். பிறகு ஒவ்வொரு மெஷினாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே சுவாரசியம் தட்டிவிட்டது. "இதுவும் அந்தப் பக்கம்... இதுவும்... இத நான் கவனிச்சதே இல்லம்மா" என்று கீழ்த்தட்டு வரை குனிந்துவிட்டார். கடைசியில் ஒன்றை இழுத்து வெளியே வைத்தார். பிளேடு வலது பக்கம். அளவும் சின்னது.

ஆனால் வேறு நிறுவனத்துடையது. டிரில்லின் பேட்டரி இதற்குப் பொருந்தாது. முதலில் வாங்கியதைவிடக் கொஞ்சம் கனமும் கூட. "பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனியா வாங்கணுமே அத்தை" என்று நான் இழுத்தேன். ஒரே பேட்டரியில் இரண்டு மெஷின் ஓடும் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை விட மனசில்லை.

அத்தை மெஷினைக் கையில் பிடித்து ஏந்திப் பார்த்தார். "கனம் தெரியுது. ஆனா தூக்கிக்கிட்டா நிக்கப் போறேன்? பலகை மேலதான உக்காந்திருக்கும்" என்றார். "ஒருதடவ அறுத்துப் பாக்கலாமா தம்பி?"

கடைக்குப் பின்னால் பலகை அறுத்துக் கொடுக்கும் கொட்டகை இருந்தது. கழிவுத் துண்டு ஒன்றை இறுக்கிக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். அத்தை மெஷினைப் பலகையில் வைத்தார். இந்த முறை நான் பலகையைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தைப் பார்த்தேன். குனியவில்லை, வளையவில்லை. கண்கள் நேராகக் கீழே, கோட்டின்மேல். மெஷின் அலறியது. மாமா என் முழங்கையைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. துண்டு விழுந்தது.

இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெட்டு கோட்டின்மேலேயே போயிருந்தது. அவ்வளவு நேர்.

அத்தை ஓரத்தைத் தடவினார். துண்டை மாமாவிடம் நீட்டினார். மாமாவும் தடவிப் பார்த்துவிட்டு, தனக்கு மரவேலை எல்லாம் தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். "இதையே போட்டுக் குடுங்க தம்பி" என்றார். காசாளரிடம் போய் நின்றதும் அவரேதான்.

பழைய மெஷினைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை, பல்லில் மரத்தூள் ஒட்டியிருந்தது. "நீங்க வச்சுக்கங்க மாப்பிள்ள. உங்களுக்குச் சோத்துக்கைதான. டிரில்லையும் எடுத்துட்டுப் போங்க, பேட்டரி ஒண்ணோட ஒண்ணா இருக்கட்டும். நான் பொண்ணு வீட்டுல வாங்கிக்கறேன் தேவப்பட்டா" என்றார் அத்தை. இப்போது என் வீட்டில் ஒரு ரம்பமும் டிரில்லும் இருக்கின்றன. என் மனைவி விருந்தாளிகளிடம் அவற்றைக் காட்டி, "இவரோடதுதான். புத்தம் புதுசா வச்சிருக்கார்" என்கிறாள்.

அலமாரி முடிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அத்தை அறுத்தார், மாமா பலகையின் தூரத்துக் கோடியைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்துக் கோடி. "நடுவுல தூக்கிப் பிடிக்காதீங்க, பிளேடக் கவ்விக்கும்" என்று அத்தை சொல்லிக் கொடுத்தார். பிளேடு சுற்றும்போதெல்லாம் மாமா, "பாத்து, பாத்து" என்பார். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. ஆனால் உதடு அசைவது தெரியும். கடைசி நாள் அலமாரியை இடைவெளிக்குள் தள்ளினார்கள். உரசாமல், ஆடாமல் உள்ளே போய் நின்றது. அத்தை பக்கவாட்டில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். தாள் மட்டும் நுழைந்தது.

குழாய் சொட்டுவதும் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் புதுக் குக்கர் வாங்கிவிட்டதால் பழையதன் கைப்பிடியை அத்தை சும்மாவே சரிசெய்து வைத்திருக்கிறார், யாருக்காவது ஆகும் என்று.

போன மாதம் மாமாவே வாய்விட்டு ஒன்று கேட்டார். வேனில் இந்த வருஷம் சேர்ந்த குட்டிப் பிள்ளைகளுக்குப் படி எட்டவில்லை. தினமும் தூக்கித் தூக்கி ஏற்றி அவருக்கு இடுப்பு விட்டுப்போகிறது. "ஒரு முக்காலி மாதிரி, படி மாதிரி, சின்னதா ஒண்ணு. அளவு நான் எடுத்துட்டேன்" என்றார், அத்தை முகத்தைப் பார்க்காமல்.

அத்தை அன்று சாயங்காலமே பலகையை அறுத்தார். ஓரமெல்லாம் தேய்த்து, பிள்ளைகள் கையில் சிராய் ஏறாமல் வழவழப்பாக்கி, மேலே கால் வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் மாமா முதல் தெருவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, படியை வைத்தார். ஒரு குட்டிப் பெண் தானாகவே ஏறிவிட்டு, இறங்கி, மறுபடியும் ஏறினாளாம். "இது யார் செஞ்சது பிரேக் மாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

மாமா சொல்லியிருக்கிறார். கொஞ்சமாகவா சொல்லியிருப்பார்! பிளேடு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான், படியை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்திருக்கிறது. அன்று அடித்த பிரேக்கைப் பற்றிப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள்.